அறுந்த கயிற்றின் மறுமுனை

"என் கொழுந்தன்தான் சார். அவன்தான் கயித்த அறுத்திருக்கான்" என்றாள் வந்தவள், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி.

நிபுணர் உடனே ஆழ்ந்து யோசிக்கும் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது; ஆனால் வாசலில் 'துப்பறியும் நிபுணர் – சர்வதேச அனுபவம்' என்று பலகை மாட்டிய நாளிலிருந்து ஊரே அவரை நிபுணர் என்றுதான் கூப்பிட்டது. சர்வதேச அனுபவம் என்பது, ஒருமுறை விமான நிலையத்தில் தன் பெட்டியைத் தொலைத்துவிட்டுத் தானே கண்டுபிடித்தது.

"பெட்டி அவர் காலடியிலதான் இருந்தது" என்று விவரம் கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுவது அவருடைய உதவியாளரின் வழக்கம். இந்த அம்மாள் இருபது வருடம் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவர். அதனால் விசாரணை அக்கா. எந்த வண்டியைக் கேட்டாலும் 'தெரியாது' என்று சொல்லாமல் 'வரும்' என்று சொல்லியே ஓய்வு பெற்றவர்.

"முதல்லருந்து சொல்லும்மா" என்றார் அக்கா. "அறுத்தது யாருங்கிறத கடைசியில பாத்துக்கலாம். அத முதல்லயே சொல்லிட்டா சாருக்கு வேலை இருக்காது."

விஷயம் இதுதான். அவள் கணவர் மரம் ஏறுபவர். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. சொந்தக் கயிறு, சொந்த ரம்பம், சொந்த இடுப்பு. வீட்டு மேல் சாய்ந்த கிளை, மின்கம்பியில் உரசும் கிளை, எது என்றாலும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் மேலே, அவர் தம்பி கீழே. வெட்டிய கிளையைக் கயிற்றில் இறக்குவது, ஆட்களை ஒதுக்கி நிறுத்துவது, அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிப்பது தம்பியின் வேலை. மேலே ஏற வேண்டும் என்று தம்பிக்கு ரொம்ப நாளாக ஆசை. அண்ணன் விடவில்லை. போன வாரம் அதில் பெரிய சண்டை. சண்டைக்கு இரண்டாம் நாள் ஒரு பங்களாத் தோட்டத்தில் அண்ணன் கயிறு அறுந்து விழுந்தார். தொடை எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்தன.

"போலீஸ் என்ன சொல்லுது?" என்றார் நிபுணர்.

"கிளைய அறுக்கும்போது கை தவறி அவரே கயித்தையும் அறுத்துக்கிட்டார்னு எழுதி முடிச்சுட்டாங்க. இவரும் ஆமாம், என் தப்புதான்னு சொல்றார். பொய் சார். பதினெட்டு வருஷமா ஏறுறவர். யாரையோ காப்பாத்துறார். தம்பியத் தவிர வேற யார காப்பாத்துவார்? அதான் அவன வீட்ட விட்டே அனுப்பிட்டேன்."

அவள் கொண்டுவந்த கோணிப்பையைப் பிரித்தாள். இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் அகலமான பட்டை. சாவிக்கொத்து மாதிரி குலுங்கும் இரும்புக் கொக்கிகள். உறையில் செருகிய கைரம்பம். மணல் அடைத்த கைப்பிடி அளவுப் பை, அதன் வாலில் மெல்லிய நூல். அந்தப் பையைக் கிளைக்கு மேல் வீசி, நூலைப் பிடித்துத்தான் கயிற்றை மேலே இழுப்பாராம். முள் வைத்த இரும்புப் பாதங்கள் ஒரு ஜோடி.

"இத பட்ட மரத்துல மட்டும்தான் மாட்டுவார். உயிரோட இருக்கிற மரத்துக்கு வலிக்குமாம்" என்றாள்.

"பாத்துக்கோங்க சார். அவ்வளவு யோசிச்ச ஆளத்தான் மரம் கீழ போட்டிருக்கு" என்றார் அக்கா.

கடைசியில் கயிறு. கட்டைவிரல் கனம். அதன் ஒரு முனை கத்தியால் வெட்டிய வெண்ணெய்போல நேராக அறுபட்டிருந்தது. நிபுணர் பூதக்கண்ணாடியை எடுத்தார். மூச்சுவிட்டுத் துடைத்தார். பிறகு அறிவித்தார்: "ரம்பம். இரண்டாவது, இது புத்தம் புதுக் கயிறு."

அவள் முகத்தில் முதல்முறையாகச் சின்னச் சிரிப்பு. "ரெண்டு வருஷம் சார் இதுக்கு. பாத்தா புதுசு மாதிரியா இருக்கு?"

நிபுணர் பூதக்கண்ணாடியை மேசை இழுப்பறைக்குள் வைத்தார். குனிந்தபோது அவர் சட்டைப் பையில் பேனா கக்கிய நீலக் கறை தெரிந்தது. அவள் கண் அங்கேயே நின்றது.

"அந்தக் கறை போகும் சார். என்கிட்ட குடுங்க, ஒரு ராத்திரி ஊற வெச்சாப் போதும். நான் லாட்ஜுல துணி வெளுக்கிறவ. அங்க படுக்க விரிப்புக்குப் போடுற பவுடர் இருக்கு. எதையும் விடாது."

"சாரையே முக்கி எடுக்கிற அளவுக்கு இருக்கா?" என்றார் அக்கா.

நிபுணர் தொண்டையைச் செருமினார். "தலைக்கவசம் எங்கே?"

"அது ஆஸ்பத்திரியில. தலைமாட்டுலயே வெச்சிருக்கார். எவ்வளவு கேட்டும் குடுக்க மாட்டேங்கிறார்."

"கட்டில்லருந்து விழுந்துடுவோம்னு பயமோ என்னமோ" என்றார் அக்கா. ஆனால் அதைச் சொன்ன பிறகு 'தலைக்கவசம்' என்று ஒரு தாளில் எழுதி அடிக்கோடிட்டார். அவர் எதையும் எழுதி வைப்பது அபூர்வம்.

பங்களா வாசலில் கேட்டைவிடப் பெரிய பெயர்ப்பலகை. முன்னாள் இயக்குநர், முன்னாள் தலைவர், முன்னாள் கௌரவ உறுப்பினர் என்று ஏழு வரி.

"இந்நாள்னு ஒண்ணுமே இல்லையா?" என்று அக்கா கேட்டு முடிப்பதற்குள் முன்னாளே கதவைத் திறந்துவிட்டார். கழுத்தில் ஒரு தொலைநோக்கி தொங்கியது. பறவைகளைப் பார்ப்பதற்கு என்றார். எதிர்வீட்டு மாடியில் துணி காயவைத்துக்கொண்டிருந்த பெண் அவரைக் கண்டதும் சட்டென்று உள்ளே போனதைப் பார்த்தால், பறவைகளுக்கும் அவரைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்று தோன்றியது.

"இதோ பாருங்க, என் புல்தரை" என்றார் முன்னாள், மனிதர் விழுந்த இடத்தைக் காட்டி. "வெளிநாட்டுப் புல். பள்ளமாயிடுச்சு."

"அவர் கொஞ்சம் தள்ளி, சிமெண்டு மேல விழுந்திருக்கலாம்" என்றார் அக்கா.

"அதத்தான் நானும் சொல்றேன்."

கோணிப்பையிலிருந்து எடுத்து வந்திருந்த ரம்பத்தை உறையோடு கையில் பிடித்தபடி நிபுணர் முழங்காலிட்டுப் புல்லை ஆராயத் தொடங்கினார். அக்கா அரட்டையைத் தொடங்கினார். இருவருடைய முறைகளில் எது பலன் தரும் என்பது இதற்கு முன்னும் பலமுறை தெரிந்திருக்கிறது.

"விழுந்தப்ப தம்பிக்காரர் எங்க இருந்தார்?"

"நான்தான் அனுப்பினேன். மரத்தூள் விழுமே, என் காரை எடுத்து வேற எங்கயாவது நிறுத்திட்டு வாப்பான்னு சாவியக் குடுத்தேன். ரெண்டு தெரு தள்ளிப் போய் நிறுத்திட்டு வந்தான்."

"நீங்க?"

"போன்ல முக்கியமான பேச்சு. தொப்புன்னு சத்தம் கேட்டது. கிளை விழுதுன்னு நினைச்சுப் பேசிக்கிட்டே இருந்தேன். வந்து பாத்தா ஆள்! அட, வேலையாவது ஆச்சான்னா அதுவும் இல்ல. ஒரு சுள்ளிகூட வெட்டாம விழுந்திருக்கார்."

அக்கா திரும்பினார். "ஒரு சுள்ளிகூட?"

"ஒண்ணுகூட."

"சார், எழுந்திரிங்க. புல்லு இருக்கட்டும்" என்றார் அக்கா. "கிளைய அறுக்கும்போது கயித்த அறுத்துக்கிட்டார்னு போலீஸ் சொல்லுது. அந்தக் கிளை எங்க? இங்க மனுஷன் மட்டும்தானே விழுந்திருக்கான்!"

நிபுணர் எழுந்தார். முழங்காலில் வெளிநாட்டுப் பச்சை. "இதை நான் ஏற்கெனவே..."

"கவனிச்சிருப்பீங்க. உங்க கையில இருக்கிற அவர் ரம்பத்தக் கொஞ்சம் உருவுங்க."

நிபுணர் உறையிலிருந்து வளைந்த கைரம்பத்தை உருவினார். பல்லிடுக்குகளில் மரத்தூள் ஒரு துளி இல்லை. சன்னமான வெள்ளை இழைகள் சிக்கியிருந்தன.

அக்கா முன்னாளின் கழுத்திலிருந்து தொலைநோக்கியை, அவர் கழுத்து கூடவே வருவதைப் பொருட்படுத்தாமல், இழுத்துக் கண்ணில் வைத்து மரத்தை அண்ணாந்து பார்த்தார். உயரத்தில், இரண்டு பெரிய கிளைகள் பிரியும் கவட்டையில், சுருக்கு முடிச்சு இறுகிக் கிடந்தது. அதன் கீழ் முழ நீளத்துக்குக் கயிற்றின் மிச்சம் தொங்கிக்கொண்டிருந்தது. போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, நிபுணர் வந்தார். ஒருவரும் மேலே பார்க்கவில்லை. விழுந்தவர் கீழேதானே கிடந்தார்.

"என்ன தெரியுது?" என்றார் நிபுணர்.

"துடைப்பம். பிஞ்சு, நார்நாரா விரிஞ்சு, பழைய துடைப்பம் மாதிரி நிக்குது அந்த முனை. நம்மகிட்ட இருக்கிற முனை வெண்ணெய். ஒரே கயிறு சார். ஒரே இடத்துல ரெண்டு விதமா எப்படி அறும்?"

இந்த முறை நிபுணருக்கே பொறி தட்டியது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. "மேலே யாரும் அறுக்கல. தானா அறுந்திருக்கு" என்றார் மெதுவாக. "ரம்பம் பட்டது கீழே, விழுந்த பிறகு. பிஞ்ச முனைய யாரோ வெட்டி எடுத்திருக்காங்க. தம்பி ரெண்டு தெரு தள்ளி. இவர் போன்ல. அப்படின்னா இங்க கீழ இருந்தது..."

அவர் முடிக்கவில்லை. மூவரும் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார்கள். முன்னாள் மட்டும் புல்லுக்காகப் பார்த்தார்.

"சீக்கிரம் உங்க ஆராய்ச்சிய முடிங்க" என்றார் அவர். "வேலைய முடிக்க அந்தத் தம்பி மத்தியானம் வரான். அவனே ஏறுறேன்னு சொல்லியிருக்கான்."

"இதுக்கு முன்ன ஏறியிருக்கானா?"

"அது எனக்கு எதுக்கு? எனக்கு மரம் குறையணும்."

ஆஸ்பத்திரியில் ஏழு கட்டில் கொண்ட கூடத்தில், ஜன்னலோரக் கட்டிலில் மரம் ஏறுபவர் கிடந்தார். கால் ஒரு கப்பியில் தொங்கியது. கயிற்றை நம்பி வாழ்ந்தவரைக் கடைசியில் இன்னொரு கயிற்றில்தான் கட்டிப் போட்டிருந்தார்கள். தலைமாட்டில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில், கீறல் விழுந்த மஞ்சள் தலைக்கவசம்.

"என் தப்புதான் சார்" என்றார், அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே. "கை தவறிடுச்சு."

"எந்தக் கிளைய அறுக்கும்போது?" என்றார் நிபுணர்.

அவர் கண் தலைக்கவசத்தின் பக்கம் போனது. பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். அந்த இடைவெளியில் அக்கா தலைக்கவசத்தை எடுத்துவிட்டார்.

"அத வெச்சுடுங்கக்கா." அந்தக் குரலில் எலும்பு முறிவைவிடப் பெரிய வலி இருந்தது.

அக்கா உள்பக்கத்து மெத்தையை விலக்கினார். அதற்கும் ஓட்டுக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு கயிற்றுத் துண்டு. ஒரு பக்கம் வெண்ணெய், மறுபக்கம் துடைப்பம். அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"லாட்ஜு விரிப்பு வாசனை" என்றார். பிறகு நிபுணரின் சட்டைப் பையிலிருந்த கறையைப் பார்த்தார். "எதையும் விடாதுன்னு சொன்னாளே சார். கயித்தையும் விடல."

மரம் ஏறுபவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே பேசினார்.

"பிசின் பட்டு, பாசி பட்டுக் கருப்பா கிடந்தது. எனக்குத் தெரியாம ஊற வெச்சு வெளுத்து, காய வெச்சு, சுருட்டி வெச்சிருக்கா. ஆசையா. இந்த நூலுக்கு அந்தப் பவுடர் ஆகாது, உள்ளுக்குள்ள செத்துப்போகும். வெளிய பளபளன்னு இருக்கும்."

"ஏறும்போது உங்களுக்குத் தெரியலையா?"

"ஏறுறதுக்கு முன்னாடி கண்ண மூடிக்கிட்டு முழுக் கயித்தையும் விரல் வழியா விடுவேன். தினமும். அன்னைக்கும் விட்டேன். விறைப்பா இருந்தது. வாசனையும் வந்தது. அப்பவே தூக்கிப் போட்டிருக்கணும். போட்டா ஏன்னு கேப்பா, சொல்லணும். மூஞ்சி சுருங்கிடும். இன்னைக்கு ஒரு நாள்தானேன்னு ஏறிட்டேன். அப்ப தப்பு யாரோடது? என்னோடதுதானே சார்?"

"அதுக்காக விழுந்து கிடக்கும்போது முனைய அறுத்து ஒளிச்சு வெச்சீங்களா?"

"பிஞ்ச முனையப் பாத்தா யாராவது ஏன் பிஞ்சதுன்னு கேப்பாங்க. அறுத்த முனையப் பாத்தா என்னத் திட்டிட்டுப் போயிடுவாங்க." கண்ணைத் திறந்தார். "அவகிட்ட சொல்லிடாதீங்க. அவ தூங்க மாட்டா."

"உங்க தம்பி?" என்றார் அக்கா. "அவர் இப்ப எங்க தூங்குறார்னு தெரியுமா?"

"நேத்து வந்தான். காரை எடுக்கப் போனது தப்புண்ணே, நான் கீழ நின்னிருக்கணும்னு அழுதான். அந்த மரத்த நானே முடிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அவன்... தாங்கிப்பான்."

"நல்லா இருக்கு. யார் தாங்குவாங்கன்னு பாத்துப் பாத்துப் பழியப் பங்கு வெக்கிறீங்க." அக்காவின் குரலில் கிண்டல் இல்லை. அதனாலேயே அது அதிகமாகச் சுட்டது.

நிபுணர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். வெளியே சுற்றுச்சுவர் மேல் ஒரு அணில் எதையோ கொறித்துக்கொண்டிருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். அவள் வந்துகொண்டிருந்தாள், கையில் மடித்த விரிப்போடு. ஆஸ்பத்திரி விரிப்பை அவள் நம்புவதில்லை. அக்கா கயிற்றுத் துண்டைக் கைப்பைக்குள் போட்டார். மரம் ஏறுபவர் நிபுணரைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நிபுணர் அதற்கு முன் கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை. அதில் அவர்மேல் உண்மையான நம்பிக்கை இருந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன்" என்றார் நிபுணர், மார்பை நிமிர்த்தி. "உங்க கொழுந்தன் இல்ல. உங்க கணவரும் இல்ல."

"அப்ப யாரு சார்?"

"அணில்."

ஏழு கட்டிலிலிருந்தும் தலைகள் திரும்பின.

"அணிலா?"

"அணில்தான். மேலே கவட்டையில் கயிற்றைக் கொறிச்சிருக்கு. பல் தடம் பார்த்தேன். வெளிநாட்டில் இதுபோல நிறைய வழக்குகள் உண்டு."

அக்கா வாயைத் திறந்தார். இருபது வருடத்தில் அவர் கேட்ட மிக மோசமான பொய் அது. அதைவிட மோசம், அதைச் சொன்னவர் தன் பலகையையும் சர்வதேச அனுபவத்தையும் தெரிந்தே குப்பையில் போடுகிறார் என்பது. அக்கா வாயை மூடிக்கொண்டார். "நானும் பாத்தேம்மா" என்றார். "பெரிய அணில்."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முதலில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, பிறகு அது உடைந்தது. "அய்யோ. அவன என்னவெல்லாம் பேசிட்டேன். அண்ணி, நான் இல்ல அண்ணின்னு வாசல்ல நின்னான் சார். அவன் துணியெல்லாம் தூக்கி வெளிய எறிஞ்சேன். கயித்தையும் எறிஞ்சேன்."

"எந்தக் கயிறு?" என்றார் கணவர்.

"அதாங்க, அந்த ரெண்டாவது கயிறு. அவனுக்குன்னு எடுத்து வெச்சிருந்தீங்களே. உங்களோடத வெளுத்தப்ப அதையும் சேத்துத்தான் ஊற வெச்சேன். பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போனான்."

அவர் எழ முயன்றார். கப்பி கிறீச்சிட்டது. கூடத்துக் கடிகாரம் மத்தியானத்தைத் தாண்டியிருந்தது. அக்காவும் நிபுணரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அணில் செத்துவிட்டது.

"போன் பண்ணு" என்றார் அவர். "ஏறாதேன்னு சொல்லு."

"எங்க ஏறுறான்? என்னாச்சு?"

"அதே மரத்துலம்மா" என்றார் அக்கா. "இப்ப. அந்தக் கயித்துல."

"அது நல்ல கயிறுதானே? நானே..." அவள் நின்றாள். கணவர் முகத்தைப் பார்த்தாள். தலைக்கவசத்தைப் பார்த்தாள், உள்மெத்தை விலகிக் கிடந்தது. அக்கா கைப்பையைத் திறந்து, அந்த விரல் நீளத் துண்டை அவள் கொண்டுவந்த விரிப்பின் மேல் வைத்தார். இரண்டும் ஒரே வெள்ளை.

அவள் போனை எடுத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். காதில் வைத்தபடியே, கணவரைப் பார்க்காமல், மெல்லக் கேட்டாள்: "காலு ஒடிஞ்சு கிடக்கும்போது உக்காந்து இதையா அறுத்தீங்க?"

"கை நல்லாத்தானே இருந்தது" என்றார் அவர்.

மணி அடித்துக்கொண்டிருந்தது. நிபுணர் சட்டைப் பையிலிருந்த கறையைக் கையால் மறைத்தபடி நின்றார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. அக்காவின் உதடு அசைந்தது. 'வரும், வரும்' என்று பழைய பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணி?"

பக்கத்துக் கட்டில்காரருக்கும் கேட்டது அந்தக் குரல். அவள் கண்ணை இறுக மூடினாள். "மேலயா இருக்க?"

"இல்லண்ணி. கயிறு கட்டியாச்சு. பட்டையும் மாட்டியாச்சு." கொஞ்சம் தயக்கம். "ஏறத்தான் பயமா இருக்கு. கீழதான் நிக்கிறேன். பங்களாக்காரர் வேற கத்திக்கிட்டே இருக்கார். அண்ணி, சத்தியமா அண்ணன் கயித்த நான்..."

"கீழயே நில்லு. அந்தக் கயித்தத் தொடாத. நான் வந்து சொல்றேன்."

"என்னத்த அண்ணி?"

அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். எப்போதும் ஈரத்தில் ஊறிச் சுருங்கி வெளுத்த விரல்கள்.

"யார் அறுத்தாங்கன்னு" என்றாள்.